நாளைக்கு வைத்துக் குடிப்பவர்கள்

சுங்கை பட்டாணியில் என் வீட்டுச் சமையலறை மூலையில், முன்பு அரிசிப் பை இருந்த இடத்தில், இப்போது ஒரு சின்ன ஐஸ்பெட்டி நிற்கிறது. கண்ணாடிக் கதவு. பன்னிரண்டு போத்தல் கொள்ளும். உள்ளே எப்போதும் 14 டிகிரி. இப்போதைக்கு அதில் ஏழு போத்தல் சிவப்பு ஒயின் படுத்துக் கிடக்கிறது. நின்றபடி வைத்தால் தக்கை காய்ந்து காற்று புகுந்துவிடும் என்பதால் படுக்கப் போட்டிருக்கிறேன்.

ஏழும் லங்காவியில் வாங்கியவை. 1987-லிருந்து அது தீர்வை இல்லாத தீவு. குவாலா கெடாவில் பெர்ரி ஏறிப் போய், 48 மணி நேரம் தங்கிவிட்டுத் திரும்பினால் ஒரு லிட்டர் மது தீர்வை கட்டாமல் கொண்டுவரலாம். ஒயின் போத்தல் 750 மில்லி. ஆக, ஒரு பயணத்துக்கு ஒரு போத்தல். ஏழு சேர நான்கு வருஷம் ஆனது.

போன வருஷம் கண் அறுவைச் சிகிச்சைக்காக அம்மா வந்து ஒரு மாதம் என்னோடு தங்கினார். முதல் நாளே அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இதுக்குன்னு தனியா ஒரு ஐஸ்பெட்டியா?"

"இது உடனே குடிக்கிறது இல்லமா. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் வெச்சுக் குடிக்கிறது."

அம்மா கொஞ்ச நேரம் போத்தல்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: "உங்க தாத்தா குடிச்சதுக்கும் நீ குடிக்கிறதுக்கும் என்னடா வித்தியாசம்?"

"வெலதாம்மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பதிலில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்கும் அன்று ராத்திரிதான் புரிந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தரப்பை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. அடர்த்தியான சிவப்பு ஒயினை முதல்முறை குடிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பிடிக்காது. ஆறிப்போன தே ஓ குடித்தால் நாக்கில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதைப்போல மூன்று மடங்கு. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் அது. வருஷக் கணக்கில் இருட்டில், குளிரில் அசையாமல் கிடக்கும்போது அந்த டானின் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் வண்டலாகப் படிகிறது. துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. பழ வாசனை மெல்ல விலகி அந்த இடத்தில் தோல், புகையிலை, மழை நனைத்த சருகு என்று வேறு வாசனைகள் வருகின்றன. எல்லா ஒயினும் இப்படி முதிராது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருஷத்தில் குடித்து முடிக்க வேண்டியதுதான். வைத்திருந்தால் கெடும். முதிரக்கூடிய கொஞ்சத்தில், வயதான கொடிகளிலிருந்து வரும் ஒயினுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். காய்ப்பதில் சாரம் அதிகம் என்பார்கள்.

என் பெட்டியில் உள்ள ஏழில் நான்கு, தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் விளைந்த ஷிராஸ். பிரஷ்யாவில் மத நெருக்கடிக்கு ஆளான லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1842-இல் அங்கே குடியேறி, திராட்சை நட்டார்கள். 1843-இல் நட்டதாகச் சொல்லப்படும் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. 1860-களிலிருந்து பைலாக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அது தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவில்லை. அதனால்தான் அங்கே இத்தனை கிழட்டுக் கொடிகள். 2009-இல் அவற்றுக்கு வயதுவாரியாகப் பட்டம்கூடக் கொடுத்தார்கள். 35 வயதானால் பழைய கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 ஆனால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. ஒரு செடியை மூதாதை என்று கூப்பிடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. லங்காவியில் அந்தப் போத்தலை வாங்கியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

இனி தாத்தா.

தாத்தா பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே செத்தார். அவர் குடித்தது தென்னங்கள். தென்னம்பாளையைக் கட்டித் தட்டி, நுனியைச் சீவி, முட்டி கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். முட்டியில் சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மதியத்துக்குள் கள். மறுநாள் புளிப்பு. அதற்கு மேல் போனால் காடி, சமையலுக்குத்தான் ஆகும். கள்ளை வைத்திருந்து குடிக்க முடியாது. இன்று இறங்கியதை இன்றே குடிக்க வேண்டும். கள்ளின் இந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் தாத்தாவைப் பற்றிப் பேச முடியாது.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. வெளியே போய் விஷச் சாராயம் குடிப்பதைவிட, கண்ணெதிரே அளவோடு கள் குடிக்கட்டும் என்றார்கள். லாபம் தொழிலாளர் நலனுக்கே திரும்பிப் போகிறது என்றும் சொன்னார்கள். தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, அந்தக் கூலியில் ஒரு பங்கைக் கள்ளுக்கடையில் திரும்ப வாங்கி, அதில் கொஞ்சத்தை அவனுக்கே நன்கொடையாகக் கொடுப்பது. இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

சம்பள நாளில் பாட்டி அம்மாவைக் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்புவாராம். அம்மாவுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயசு. உள்ளே போகக்கூடாது. வெளியே நின்று "அப்பா" என்று கூப்பிட வேண்டும். நல்ல நேரமாக இருந்தால் தாத்தா சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் காசை எடுத்துக் கொடுப்பார். கெட்ட நேரமாக இருந்தால் அம்மா வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பி வருவார். "கூப்பிடறதுக்கு முன்னாடி, இன்னிக்கி எந்த மாதிரி அப்பா வருவாரோன்னு யோசிச்சிக்கிட்டு நிப்பேன்" என்று ஒருமுறை சொன்னார். இன்றைக்கும் புளித்த வாடை எதுவானாலும் அம்மாவுக்கு ஆகாது. தோசை மாவு கொஞ்சம் அதிகம் புளித்தாலே எழுந்து போய்விடுவார்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன.

முதல் பதில், அளவு. நான் மாதத்துக்கு இரண்டு கிண்ணம் குடிக்கிறேன், தாத்தா விழும்வரை குடித்தார். இது உண்மை. ஆனால் இந்த அளவு என் ஒழுக்கத்திலிருந்து வந்ததா என்று யோசித்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, அட்டைக்கடியோடு மேட்டிலும் பள்ளத்திலும் சில நூறு மரம் வெட்டி, பால் தூக்கி வந்து, மதியம் உடம்பு விண்விண் என்று தெறிக்கும்போது எனக்கு இரண்டு கிண்ணம் போதுமா? குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து வருபவனின் அளவை அவர்மேல் வைத்து அளப்பது சரியில்லை.

இரண்டாவது பதில், ரசனை. தாத்தா போதைக்குக் குடித்தார், நான் ருசிக்குக் குடிக்கிறேன் என்பது. இதையும் அம்மாவே உடைத்துவிட்டார். ஒரு வாய் குடித்ததுமே காலையில் இறக்கிய கள்ளா, நேற்றைய கள்ளில் கலந்ததா, எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறான் என்றெல்லாம் தாத்தா சொல்லிவிடுவாராம். மழை பெய்த மறுநாள் கள்ளைத் தொடமாட்டாராம். இதே வேலையைக் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டு செய்தால் அதற்கு ஒரு பட்டமும் சம்பளமும் உண்டு. தாத்தாவின் நாக்குக்குப் பெயர் வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ரசனை எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கிய பொருளும் அல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் குடித்து இன்புறும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் 56-ஆவது. அந்த மது வந்த ஜாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. மூங்கில் குழாயில் ஊற்றி நாள்பட முதிரவைத்த தேறலும் சங்கப் பாட்டில் உண்டு. வைத்துக் குடிக்கும் கலை நமக்குத் தெரிந்ததுதான். அதே மொழியில்தான் வள்ளுவர் 93-ஆவது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கினார். குடித்தவனைப் பெற்ற தாயே சகிக்கமாட்டாள் என்ற பொருளில் அதில் ஒரு குறள் வருகிறது. கள்ளுக்கடை வாசலில் நிற்கும் மகள் அந்தப் பத்துக் குறளில் இல்லை.

மூன்றாவது பதிலைத்தான் நான் ரொம்ப நம்பியிருந்தேன். காத்திருத்தல். கையில் இருப்பதை இன்றே குடித்துத் தீர்க்காமல் பத்து வருஷம் தள்ளிவைக்கிறேன். இது பொறுமை, கட்டுப்பாடு, நாளையின் மேல் மரியாதை. தாத்தாவிடம் இல்லாதது இது என்று நினைத்தேன்.

பிறகு, காத்திருக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். ஐஸ்பெட்டி வேண்டும், மின்சாரம் வேண்டும். அதைவிட முக்கியமாக, பத்து வருஷத்துக்குப் பிறகும் அதே மூலையில் அந்தப் பெட்டி நிற்கும் என்ற நம்பிக்கை வேண்டும். என்னை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போவதில்லை என்ற நிச்சயம் அது. லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் எந்த மூலையில் எதை முதிர வைப்பது?

மரமும் அப்படித்தான். பால்மரத்துக்கு 25, 30 வருஷம்தான் ஆயுசு, கம்பெனிக் கணக்கில். அதற்குப் பிறகும் மரம் உயிரோடு இருக்கும், பால்தான் குறையும். வெட்டிச் சாய்ப்பதென்று முடிவானதும் ஏணி வைத்து உயரத்திலும் காயம் போட்டு மிச்சப் பாலை உறிஞ்சிவிடுவார்கள். பிறகு புதுக் கன்று வைப்பார்கள், அல்லது செம்பனை நடுவார்கள். தாத்தாவின் அப்பா காலத்தில் நட்ட மரத்தைத் தாத்தா வெட்டினார். தாத்தா நட்டதை அம்மா வெட்டினார். இப்போது அந்த நிறையில் செம்பனை நிற்கிறது. நம் ஆட்கள் நட்டு வளர்த்தவற்றில் மூதாதை என்று பட்டம் வாங்க ஒரு மரம்கூட மிஞ்சவில்லை.

பரோசாவிலும் இது நடக்கவிருந்தது. 1980-களின் நடுவில் திராட்சை மிதமிஞ்சிப் போய், ஷிராஸுக்கு மதிப்பில்லாமல் ஆனபோது, பழைய கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி அரசாங்கமே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. பலர் பிடுங்கினார்கள். சிலர் முடியாது என்று நின்றார்கள். இன்று என் பெட்டியில் படுத்திருப்பது அந்தப் பிடிவாதத்தின் சாறுதான். பிடிவாதம் பிடிக்க அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. (அந்த நிலம் அதற்கு முன்னால் பெரமாங்க், நட்ஜுரி, கவுர்னா ஆகிய பூர்வகுடிகளுடையது என்பதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.) பிழைக்க வழியில்லாமல் கடல் கடந்தவர்கள் அவர்களும்தான், நம்மவர்களும்தான். அங்கே வந்தவர்கள் காலப்போக்கில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கெடாவுக்கு வந்தவர்களுக்கு லயம் கிடைத்தது.

ஆக, பொறுமை என்று நான் பெருமைப்பட்டது என் குணமே இல்லை, என் வீட்டுப் பத்திரத்தின் குணம். நாளை என்ற ஒன்று உறுதியாக இருப்பவன் நாளைக்கு வைத்துக் குடிக்கிறான். இன்று மட்டுமே கொடுக்கப்பட்டவன் இன்றே குடிக்கிறான். அவனுக்கு வாய்த்த பானமும் ஒரே நாளில் புளிக்கும் பானம். இங்கே வந்து சேர்ந்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. தாத்தாவுக்கு நியாயம் செய்துவிட்டதாக நினைத்தேன். கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் அதே லயத்தில், அதே கூரையின் கீழ் பாட்டியும் இருந்தார்.

பாட்டியும் அதே பெரட்டில் நின்றவர்தான். அதே மரத்தை வெட்டியவர், அதே வீட்டிலிருந்து எந்த நாளும் துரத்தப்படக் கூடியவர். மைலோ டின்னில் சில்லறை சேர்த்து அதை அரிசிக்குள் புதைத்து வைத்தது பாட்டி. எலுமிச்சம்பழம் மலிந்த மாதத்தில் சாடி நிறைய ஊறுகாய் போட்டு வருஷம் முழுக்க எடுத்தது பாட்டி. சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் ஒரு ஜோடித் தோடு வாங்கி, அம்மாவுக்கு என்று துணியில் முடிந்து வைத்தார். தாத்தாவுக்கு இல்லாத நாளை பாட்டிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? நாளை இல்லாததால் குடித்தார் என்று நான் சொன்ன நியாயம் பாட்டிக்கு முன்னால் நிற்கவில்லை. தாத்தா இன்றைக்குள் வாழ முடிந்ததே, அவருடைய நாளையையும் சேர்த்து வேறொருத்தி சுமந்ததால்தான்.

நம் ஆட்களுக்கு இது அன்றே தெரிந்திருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு நம் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம்.சாமி அதை நடத்தினார். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடைகள் முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் அது போலீசோடு மோதலாக முடிந்தது. அடுத்த சில நாளில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. தொழிலாளர் உயிர் போனது. கள் வேண்டாம் என்று சொன்னதற்காக இந்த மாநிலத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

நிரந்தர வீடோ நிலமோ அவர்களுக்கும் இல்லை. நாளை கைக்கு வரும் முன்பே அதற்காகச் சண்டை போட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்பதை, எங்களையும் நாளை உள்ள மனிதர்களாக நடத்து என்ற கோரிக்கையாகத்தான் நான் இப்போது படிக்கிறேன். தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மறியலுக்குப் போனவர்கள் பின்னாலேயே ஓடியதாக அவரே சொல்லுவாராம். அந்தப் பையன் பிறகு அதே மாதிரி ஒரு கடையில் போய் உட்கார்ந்தான். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆக, குடியைப் பற்றிக் கேட்க வேண்டியது எவ்வளவு, எவ்வளவு ருசித்து, எவ்வளவு பொறுத்து என்பதெல்லாம் இல்லை என்று இப்போது படுகிறது. ஒருவன் இன்பத்துக்கு யாருடைய நாளை செலவாகிறது என்று கேட்க வேண்டும். தாத்தாவின் கள்ளுக்கு விலை கொடுத்தவர்கள் பாட்டியும், வாசலில் நின்ற ஒன்பது வயசுப் பெண்ணும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பலர் பிழைக்க வந்த அந்நியத் தொழிலாளர்கள். அவர்களுடைய நாளைக்காக ஊரில் காத்திருந்தவர்களும் அந்த விலையைக் கொடுத்திருப்பார்கள்.

என் ஒயினுக்கு யார் கொடுக்கிறார்கள்? யாரும் இல்லை, நானே சம்பாதிக்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பாட்டி முடிந்து வைத்த தோட்டை அடகுக்கடையில் வைத்துத்தான் அம்மா என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்தப் படிப்பில் வந்தது இந்த வேலை, இந்த வீடு, இந்த மூலை. இரண்டு பெண்கள் தங்களுக்கென்று எதையும் திறக்காமல் ஐம்பது வருஷம் பொத்தி வைத்த நாளை அது. அதற்குமேல்தான் என் ஐஸ்பெட்டி நிற்கிறது. வைத்துக் காப்பது எப்படி என்று நான் ஒயின் புத்தகங்களில் படித்துக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே தெரிந்த வேலை.

இதற்காகப் போத்தல்களைக் கொட்டிவிட வேண்டுமா? அப்படித் தோன்றவில்லை. குற்றவுணர்ச்சியில் கொட்டிவிட்டால் அதுவும் ஒரு சொகுசுதான். இனிமேல் எனக்கே இரண்டு விதி வைத்துக்கொண்டேன். யாராவது குடித்துக் கெட்டதைப் பற்றிப் பேசும்போது என் பொறுமையை உதாரணமாக எடுத்துக் காட்டக் கூடாது. இந்தப் பெட்டி காரணமாக அம்மா எந்த வாசலிலும் நின்று, உள்ளிருந்து எந்த மாதிரி மகன் வருவானோ என்று யோசிக்க நேரக் கூடாது.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், இவ்வளவு நீளமாக இல்லை. பதில் சொன்னதாகவே அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, அந்தப் பெரிய போத்தல எப்பத் தெறப்ப?" என்று கேட்டார்.

"2034 வாக்கில."

"அப்போ எனக்கு எழுபது தாண்டிடும்" என்றார் அம்மா. பிறகு, "தெறக்கும்போது நானும் இருக்கணும். குடிக்க இல்ல. நீ எப்படிக் குடிக்கிறேன்னு பாக்கணும்."

அம்மா போனபிறகு பெட்டியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் இரண்டு போத்தலை ஓரமாக நகர்த்திவிட்டு வாழையிலையில் சுற்றி ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார். வீட்டு ஐஸ்பெட்டியின் குளிரில் பூ கருகிவிடுமாம், இந்தக் குளிர்தான் அதற்குச் சரியாம். போனில் கேட்டதற்குச் சொன்னார்.